ஒயர் வந்தது, ஆள் வரவில்லை

சேரிக்கு வருகிறவர்கள் எங்கள் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எங்கள் சுவரைப் பார்க்கிறார்கள். ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள், கணக்கெடுக்க வருகிறவர்கள், தேர்தலுக்குத் தேர்தல் கும்பிட்டுக்கொண்டு வருகிறவர்கள், எல்லாரும்தான். வாசலில் குனிந்து தலையை உள்ளே நீட்டினதும் கண் மேலே போகும். ஆணியில் சுற்றிய ஒயர், செலோடேப் ஒட்டிய ஒயர், ஜன்னல் கம்பியில் முடிச்சுப் போட்ட கேபிள், ஒரு பிளக்கில் செருகிய மூன்று பிளக். "ஏம்மா, இதையெல்லாம் கொஞ்சம் ஒழுங்கா வச்சுக்கக் கூடாதா? உங்க ஜனங்களுக்கு இந்த ஒழுங்குதான் வரமாட்டேங்குது" என்று ஒரு மேடம் சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மேடம் வீட்டில் ஒயர் இருப்பதே கண்ணுக்குத் தெரியாது. சுவரை வெட்டிப் பைப் பதித்துப் பூசியிருப்பார்கள். ஃபேன் எங்கே, டிவி எங்கே, கம்ப்யூட்டர் எங்கே என்று கட்டும்போதே தீர்மானித்த வீடு அது. எங்கள் வீட்டுக்கு என்ன வரும், எப்போது வரும் என்பதை வேறு யாரோதான் தீர்மானித்தார்கள். ஒழுங்கைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் இதைப் பேசியாக வேண்டும்.

எங்கள் காலனி பொன்னேரி வட்டத்தில், பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிறது. சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவில் பெரிய உவர்நீர் ஏரி இதுதான் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்பீர்கள். ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த இடத்தில், எந்த நாளில், யார் முளை நட்டு வலை கட்டலாம் என்று பிரித்து வைத்த முறை. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் என்ற மூன்று பட்டினவர் ஊர்களின் தலைக்கட்டுகளுக்கு அந்த உரிமை தலைமுறையாக வருகிறது. சண்டையில்லாமல் ஏரியைப் பங்கு வைக்கும் நல்ல முறை என்று இதைப் பாராட்டி எழுதியவர்கள் உண்டு. பங்கு பட்டியலில் பெயர் இருக்கிறவர்களுக்கு அது நல்ல முறைதான். நாங்களும் இருளர்களும் இடுப்பளவுச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்கள். எங்க ஆயா சொல்லும்: "நமக்கு ஏரியில பாடு கெடையாது. படுற பாடுதான் கீது."

மின்சாரமும் அப்படி முறை வைத்துத்தான் வந்தது. ஆயா வீட்டுச் சுவரை ஒரு கல்வெட்டு மாதிரி படிக்கலாம். அடியில் கறுத்துக் கிடப்பது குடிசை விளக்கு ஒயர். குடிசைக்கு ஒரு விளக்கு, 40 வாட்டுக்கு மேல் கூடாது, மீட்டர் இல்லை, கட்டணம் இல்லை என்ற திட்டத்தில் வந்தது. குடிசை போய்த் தொகுப்பு வீடு வந்தபோது அதே ஒயரைக் கழற்றிப் புதுச் சுவரில் அடித்தார்கள். அதன்மேல் ஒட்டுப் போட்டு ஓடுவது, 2006 தேர்தலுக்குப் பிறகு கொடுத்த இலவச டிவிக்கானது. அதோடு முறுக்கிக்கொண்டு கறுப்பாகப் போவது டிவிக்கு வந்த கேபிள். அதற்கும் மேலே 2011க்குப் பிறகு வந்த மிக்சி, கிரைண்டர், ஃபேனுக்கான ஒயர். அதே காலத்தில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கொடுத்த லேப்டாப்புக்கு ஓர் எக்ஸ்டென்ஷன் பெட்டி, அதிலிருந்து செல்போன் சார்ஜர்கள். கொடுத்தவர்கள் ஒவ்வொன்றையும் வாசலில் வைத்துப் போட்டோ பிடித்துக்கொண்டு போனார்கள். இதைச் செருக வீட்டில் இடம் இருக்கிறதா, அந்த நூலாட்டம் ஒயர் இத்தனை பாரம் தாங்குமா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. மேடம் கண்ட ஒழுங்கின்மை எங்கள் ரத்தத்தில் இருப்பது அல்ல. துண்டு துண்டாகக் கொடுக்கப்பட்டதன் வரலாறு.

இத்தனைக்கும் மின்சாரம் எங்களுக்குத் தூரத்துச் சரக்கும் அல்ல. ஏரிக்குத் தெற்கே வடசென்னை அனல்மின் நிலையம் 1994லிருந்து ஓடுகிறது. வல்லூர் அனல்மின் நிலையம் 2012ல் வந்தது. அந்தச் சாம்பல் எண்ணூர்க் கழிமுகத்தில் படிந்து இறாலும் நண்டும் அழிந்த கதை எல்லாருக்கும் தெரியும். மின்சாரத்தின் சாம்பல் ஏழைகளின் தண்ணீருக்கு. அதன் ஒழுங்கான வெளிச்சம் வேறு ஊருக்கு.

என் அத்தை 2015 டிசம்பர் வெள்ளத்தில் செத்தது. தண்ணீர் வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் நின்று, நான்கு நாள் கழித்து வடிந்தது. நனைஞ்ச துணியையெல்லாம் எடுத்து உள்ளேயே கம்பிக் கொடியில் போட்டது அத்தை. அந்தக் கொடியைக் கட்டின ஆணியிலதான் ஃபேன் ஒயரும் சுத்தியிருந்தது. உப்புக் காத்துல ஒயர் தோல் வெடிச்சிருந்தது யாருக்கும் தெரியாது. கரண்டு திரும்பி வந்ததும் தெருவே கைதட்டிச்சு. அத்தை ஈரப்புடவையை எடுக்கக் கையை நீட்டிச்சு. அவ்வளவுதான்.

காகிதத்தில் "மின்கசிவு" என்று எழுதினார்கள். தமிழ் படித்தவள் என்பதால் அந்தச் சொல்லிலேயே ரொம்ப நாள் நின்றேன். கசிவு என்றால் தானாக நடப்பது. ஊற்று கசியும், மண்பானை கசியும். யாரும் செய்ததாக ஆகாது. சாதியால் வருகிற சாவுக்கெல்லாம் இப்படி ஒரு செய்தவன் இல்லாத சொல் இருக்கிறது. மலக்குழியில் இறங்கினவருக்கு "விஷவாயு தாக்கியது." என் அத்தைக்கு "மின்கசிவு."

அடுத்தது 2020. மார்ச்சில் பள்ளிக்கூடங்களைப் பூட்டினார்கள். பாடம் செல்போனிலும் கல்வித் தொலைக்காட்சியிலும் என்றார்கள். எங்கள் பிள்ளைகள் சிக்னல் தேடிக் கரைமேட்டில் போய் உட்கார்ந்தன. அம்பேத்கர் படிப்பகத்தில் பழைய கம்ப்யூட்டர் இரண்டு இருந்தது. ஒரு இன்டர்நெட் லைன் இழுத்தால் போதும். லைன் கொடுக்கிறவரிடம் கேட்டோம். "ஊரோட கம்பம் முடியுது, காலனிக்கு லைன் கெடையாது" என்றார். ஊரின் கடைசிக் கம்பத்துக்கும் எங்கள் முதல் வீட்டுக்கும் நடுவில் ஒரு கிரிக்கெட் மைதானம் அளவுதான் தூரம். மனு எழுதினோம், அலைந்தோம். ஒன்பது வாரம் கழித்து லைன் வந்தது.

வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். ஏணி போட்டுக் கேபிளை ஜன்னல் வரைக்கும் இழுத்த பையன் உள்ளே வரவில்லை. "தம்பி, உள்ள வாப்பா, டீ போட்டுக்கீறோம்" என்று எங்கம்மா கூப்பிட்டது. "இல்லக்கா, நேரமாச்சு" என்று சொல்லி மிச்சக் கேபிளை வளையமாகச் சுற்றி, மோடத்தோடு ஜன்னல் கம்பியிலேயே தொங்க விட்டுவிட்டுப் போனான். ஊரில் எல்லா வீட்டிலும் உள்ளே போய்ச் சுவரில் கிளிப் அடித்துக் கொடுத்திருக்கிறான் என்று பிறகு தெரிந்தது. கண்ணாடிக் குவளையைத் தனியாக வைக்கிற காலம் போய்விட்டது என்று சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒயர் வந்தது, ஆள் வரவில்லை.

அந்தச் சாயங்காலமே முடிவெடுத்தோம், இனி நம்ம சுவரை நாமே பார்த்துக்கொள்வது என்று. மீஞ்சூர்ப் பக்கம் ஒயரிங் வேலை செய்யும் எங்கள் அண்ணன் ஒருவர் இருக்கிறார். சென்னை அடுக்குமாடிகளில் சுவரை வெட்டிப் பைப் பதிக்கிறவர். அவர் வீட்டிலேயே ஒயர் ஆணியில்தான் தொங்கியது. "நம்ம செவுரை வெட்ட முடியாதும்மா. உப்பு பூத்து உதுருது. வெட்டினா செவுரே வந்துடும். மேலால பட்டி அடிக்கிறதுதான் சரி" என்றார். கேசிங் கேப்பிங் என்று கடையில் விற்கிற பிளாஸ்டிக் பட்டிதான். கம்ப்யூட்டர்க்காரர்கள் ரேஸ்வே என்கிறார்கள். அடிப்பட்டியைச் சுவரில் ஸ்குரு போட்டு முடுக்கி, ஒயரை உள்ளே படுக்க வைத்து, மேல்மூடியை அழுத்தினால் கிளிக் என்று பூட்டிக்கொள்ளும். வெள்ளைக்காரன் காலத்து பங்களாக்களில் இதையே தேக்கில் செய்திருந்தார்கள்.

வேலையைக் கற்றுக்கொண்டது காலனிப் பெண்கள் ஆறு பேர். எம்.ஏ. தமிழ் படிச்சவளுக்கு டிரில்லிங் மெஷின் எதுக்கு என்று சிரித்தவர்கள் உண்டு. படித்த எவளுக்கும் அது தேவைதான் என்று இப்போது சொல்வேன். கற்றதை எழுதி வைக்கிறேன், வேறு சேரியில் யாருக்காவது உதவும்.

முதலில் மெயினை அணைக்க வேண்டும். பட்டி ஓடும் உயரத்தை அழகு பார்த்து வைக்கவில்லை. 2015ல் தண்ணீர் நின்ற கோடு சுவரில் இன்னும் தெரிகிறது. அதற்கு இரண்டு முழம் மேலே, தண்ணி டியூப் வைத்து மட்டம் பிடித்து நூல் அடித்தோம். அத்தை செத்த கோட்டுக்கு மேலே எங்கள் ஒயர் ஓடட்டும் என்றுதான். செங்கல் இணைப்பில் ஓட்டை போட்டால் பிளக் நிற்காது, கல்லின் நடுவில் போட வேண்டும். கல்லும் உதிர்ந்தால் முதலில் மர ரீப்பர் அடித்து அதன்மேல் பட்டி. இரும்பு ஸ்குரு உப்புக் காற்றில் சீக்கிரமே துருப்பிடித்துவிடும், எவர்சில்வர் ஸ்குருதான் வாங்க வேண்டும்.

கரண்டு ஒயரையும் இன்டர்நெட் கேபிளையும் ஒரே பட்டியில் போடக் கூடாது. 230 வோல்ட் ஒயரின் தோல் வெடித்தால் கரண்டு கம்ப்யூட்டர் கேபிளுக்குள் போய்விடும். அப்படிப் போகாவிட்டாலும், பக்கத்தில் ஓடும் கரண்டு தாமிரக் கேபிளில் வரும் தகவலைக் குழப்பும். இரண்டு தனிப் பட்டி, நடுவில் ஒரு சாண் இடைவெளி. குறுக்கே தாண்டியாக வேண்டுமென்றால் கூட்டல் குறி மாதிரி நேராகத் தாண்ட வேண்டும். கண்ணாடி இழைக் கேபிளை மூலையில் மடக்கக் கூடாது. அதற்குள் ஓடுவது வெளிச்சம். சடாரென்று மடக்கினால் வெளிச்சம் வெளியே சிதறிவிடும். மூலைக்கென்று வளைந்த துண்டு விற்கிறது, அதைப் போட வேண்டும். வெளியிலிருந்து கேபிள் நுழையும் ஓட்டையை வெளிப்பக்கம் சரிவாகப் போட்டு, நுழையுமுன் கேபிளை ஒரு வளைவு தாழ விட வேண்டும். மழைத்தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பட்டி மட்டும் உயிரைக் காப்பாற்றிவிடாது. பழைய ஒயரை மாற்றாமல் மூடி போடுவது புண்ணின் மேல் பவுடர் பூசுவதுதான். தோல் வெடித்ததையெல்லாம் கழற்றிவிட்டுப் புதுத் தாமிர ஒயர் போட்டோம், பச்சை எர்த் ஒயரோடு. மெயின் பக்கத்தில் ஆர்.சி.சி.பி. என்ற சுவிட்சை வைத்தோம். 30 மில்லி ஆம்பியர் அளவுக்குக் கரண்டு வழி தப்பிப் போனாலே நொடிக்குள் துண்டித்துவிடும். அதன் சோதனைப் பொத்தானை அண்ணன் அழுத்திக் காட்டியபோது டப்பென்று விழுந்தது. அத்தை மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இம்மாம் சின்ன பொட்டிதானா?" என்று கேட்டாள். யாராலும் பதில் சொல்ல முடியவில்லை.

மின்சாரத்துக்கும் நமக்கும் என்ன என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1942 முதல் 1946 வரை வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். மின்சாரமும் அந்தத் துறையில்தான் இருந்தது. 1943 அக்டோபரில் பொதுப்பணி, மின்சாரக் கொள்கைக் குழுவின் தலைவராகப் பேசியபோது, மின்சாரம் அரசிடம் இருக்க வேண்டுமா தனியாரிடமா என்ற கேள்வியை எழுப்பினார். வறுமையிலிருந்து இந்த நாடு மீள தொழில்வளர்ச்சி வேண்டும், அதற்கு மலிவான மின்சாரம் ஏராளமாக வேண்டும் என்று வாதாடினார். 1944ல் மத்திய தொழில்நுட்ப மின்சக்தி வாரியம் அமைந்தது அவர் பொறுப்பில் இருந்த காலத்தில்தான். அரசியல் சட்டம் எழுதினவர் என்று மட்டும் அவரைச் சிலையாக்கி வைத்திருக்கிறார்கள். இந்த நாட்டின் மின்சாரத் திட்டத்திலும் அவர் கை இருக்கிறது. அவர் படத்துக்குக் கீழேதான் எங்கள் படிப்பகத்தின் மோடப் பெட்டி இருக்கிறது.

படிப்பகத்துக்குப் பிறகு இதுவரை பதினொரு வீடுகளில் பட்டி அடித்திருக்கிறோம். சங்கப் பணம் கொஞ்சம், வீட்டுக்காரர்கள் போட்டது கொஞ்சம். முப்பதுக்கு மேல் வீடு மிச்சம் இருக்கிறது. இதெல்லாம் அரசு செய்ய வேண்டிய வேலை, அந்தக் கோரிக்கையை விடப் போவதும் இல்லை. கோரிக்கை நிறைவேறும் வரைக்கும் ஈரக் கொடிக்குக் கையை நீட்டிக்கொண்டிருக்க முடியாது என்பதுதான் விஷயம்.

சுவருக்குள் பதிப்பதைவிட இது மட்டம் என்று சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பதித்த ஒயர் கெட்டால் ஆள் கூப்பிட வேண்டும், சுவரை உடைக்க வேண்டும். எங்கள் பட்டியின் மூடியை எங்கள் பெண்களே திறக்கிறார்கள். மழைக்கு முன்னால் ஐப்பசியில் ஒருதரம் எல்லா வீட்டிலும் மூடியைத் திறந்து, எலி கடித்திருக்கிறதா, தோல் வெடித்திருக்கிறதா, எறும்பு மண் கட்டியிருக்கிறதா என்று பார்த்து மூடுகிறார்கள். யாரும் உள்ளே வர மறுத்தாலும் எங்கள் வெளிச்சம் நிற்காது.

பட்டியை ஒயரால் அடைத்துவிடக் கூடாது, சூடேறும் என்று அண்ணன் சொல்லிக் கொடுத்தார். அதனால் எல்லா வீட்டிலும் பாதிக்கு மேல் காலியாக விட்டிருக்கிறோம். அடுத்து எங்களுக்கு எதைக் கொடுப்பது என்று யாரோ எங்கேயோ தீர்மானிப்பார்கள். அது வந்தால் எந்த வழியாகப் போக வேண்டும் என்பதை இந்தத் தடவை நாங்கள் முன்னாலேயே தீர்மானித்து வைத்திருக்கிறோம்.