மரபைக் கைக்கொள்ளல்

பிறப்பால் ஒரு சமயத்தைச் சேர்ந்திருத்தல் வேறு. அச்சமயத்தை வாழ்தல் வேறு. முன்னையது கேளாமலே கிடைப்பது. பின்னையதை இளமையில் பெறாத ஒருவர், வளர்ந்தபின் தாமே தேடிப் பெறவேண்டியவராகின்றார். அறிவால் மட்டும் அதனைப் பெறமுடியுமா என்னும் வினாவுக்கு, ஜேர்மனிய யூதச் சிந்தனையாளர் பிரான்ஸ் றோசென்ஸ்வைக்கின் வாழ்வு ஆழ்ந்த விடையொன்றைத் தருகின்றது.

1886 இல் காசெல் நகரில், வசதியும் கல்வியும் மிக்க குடும்பமொன்றில் அவர் பிறந்தார். அக்கால ஜேர்மனிய யூத நடுத்தர வகுப்பினர் பலரிடம் போலவே, அக்குடும்பத்திலும் மரபு பெரும்பாலும் பெயரளவிலேயே எஞ்சியிருந்தது. வரலாறும் மெய்யியலும் கற்ற அவர், 1913 யூலையில், கிறித்தவத்தைத் தழுவிய யூத நண்பர் ஒருவருடன் லைப்சிக்கில் ஓரிரவு உரையாடியபின், தாமும் திருமுழுக்குப் பெறத் துணிந்தார். ஆயினும் வெறுமையிலிருந்தன்று, யூதராக நின்றே கிறித்தவத்துள் நுழையவேண்டுமெனக் கருதினார். அவ்வாண்டு ஒக்ரோபரில் பேர்லினில், உண்ணாது நோற்று மன்னிப்பு வேண்டும் யோம் கிப்பூர் வழிபாட்டிற் கலந்துகொண்டதே அவரை மாற்றியது என்பது வழிவழிச் செய்தி. அண்மைக்கால ஆய்வாளர் சிலர் அதனை ஐயுறுவர். ஆனால், அம்மாத இறுதியில் உறவினர் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், தாம் யூதராகவே இருக்கப்போவதாக அவர் அறிவித்தமை ஐயத்துக்கு இடமற்றது.

முடிவு ஒரு நாளிற் பிறக்கலாம். வாழ்வு ஒரு நாளில் அமைந்துவிடுவதில்லை. 1920 இல் பல்கலைக்கழகப் பதவியொன்றுக்கான வாய்ப்பை மறுத்து, பிராங்க்பேர்ட்டில் சுதந்திர யூதக் கல்விக்கூடத்தின் தலைமையை அவர் ஏற்றார். மரபிலிருந்து விலகி வளர்ந்தோரே அங்கு பெரிதும் கற்றனர். கற்பித்தோருள் மருத்துவரும் இரசாயனவியலாளரும் இருந்தனர். வாழ்விலிருந்து மரபை நோக்கிச் செல்வதே அக்கல்வியின் நெறியாயிற்று.

கற்றல் போதுமா? 1923 இல் மார்ட்டின் பூபரை நோக்கி எழுதிய 'கட்டுவோர்' என்னும் கட்டுரையில் அவர் இதனை ஆராய்ந்தார். சமயச் சட்டத்தை எல்லோர்க்கும் உரிய இறைகட்டளையாகப் பூபர் ஏற்றிலர். றோசென்ஸ்வைக்கோ, புறத்தே நிற்கும் சட்டம் தன்னை நோக்கிய கட்டளையாக ஒருவருக்குக் கேட்கும்போதே உயிர்பெறும் என்றார். ஓய்வுநாளைப் பேணுதலும் உணவு விதிகளைக் காத்தலும் பட்டியலாக முன்வைக்கப்பட்டு, முழுவதும் ஏற்கவோ மறுக்கவோ வேண்டியவை அல்ல. தன்னால் இயன்றதிலிருந்து ஒருவர் தொடங்கலாம். செய்தாலன்றிப் பொருள் புலப்படாது. மறைவாசகம் அடங்கிய சிமிழ்களைக் கையிலும் நெற்றியிலும் அணிந்து வழிபடுவதுண்டா என வினவியோர்க்கு, இன்னும் இல்லை என அவர் விடையிறுத்தார் என்பர்.

இது வசதிக்கேற்பத் தெரிந்தெடுத்தல் ஆகாதா என வினவலாம். 'இயலவில்லை' என்பதற்கும் 'வேண்டாம்' என்பதற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அவரது பிற்கால வாழ்வே காட்டுகின்றது. 1922 இல் அவரைப் பற்றிய நோய் தசைகளைப் படிப்படியாகச் செயலிழக்கச் செய்தது. எழுத்தும் பேச்சும் நீங்கின. தொழுகைக்கூடம் செல்ல இயலாத அவருடைய இல்லத்திலேயே நண்பர்கள் கூடி வழிபட்டனர். இயல்வது நாள்தோறும் குறைந்தபோதும், 1929 இல் இறக்கும்வரை கைக்கொள்ளல் குறையவில்லை.

எபிரேயத்தில் 'பிள்ளைகள்' என்னும் சொல்லைச் சிறிது மாற்றி ஒலித்தால் 'கட்டுவோர்' என்றாகும்; பழைய யூத அறிஞரின் அவ்விளக்கமே அக்கட்டுரைத் தலைப்பின் பிறப்பிடம். பிள்ளையாகப் பிறத்தல் எவரது செயலுமன்று. கட்டுதல் அவரவர் செயலேயாம்.