பார்த்துக்கொள்பவரின் தூக்கம்

படுத்த படுக்கையாகிவிட்ட முதியவரைப் பார்க்க வீட்டுக்குப் போகும் செவிலியர், ரத்த அழுத்தக் கருவியை வெளியே எடுக்கும் முன்பே கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "ராத்திரி யார் பார்த்துக்கிறீங்க? நேத்து எவ்வளவு நேரம் தூங்குனீங்க?" இது வெறும் குசலம் விசாரிப்பு அல்ல, நோயாளியின் சிகிச்சையைப் பற்றிய கேள்வி. தானாகப் புரள முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கச் சொல்கிறோம். இரவு 10 மணிக்குப் படுத்தால் 12, 2, 4 என்று மூன்று முறை எழ வேண்டும். காற்று மெத்தை போட்டாலும் திருப்பும் வேலை அடியோடு போய்விடாது. வால் எலும்பிலும் குதிகாலிலும் புண் தொடங்குவதை நம் மாநிறத் தோலில் சிவப்பைக் கொண்டு கண்டுபிடிப்பது கடினம். விரல் வைத்து, சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். வாரக்கணக்கில் உறக்கம் கெட்டவரால் அந்த வேறுபாட்டை எப்படி உணர முடியும்? மருந்துச் சீட்டில் மாத்திரை எழுதும் இடத்திலேயே பார்த்துக்கொள்பவரின் ஓய்வு நேரத்தையும் எழுத வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

பார்த்துக்கொள்பவரைத் தாங்குவது பலன் தரும் என்பதற்குச் சான்று உண்டு. மறதிநோய் கண்டவர்கள் இருந்த 81 குடும்பங்களை வைத்துக் கோவாவில் நடந்து, 2008இல் வெளியான ஆய்வில், பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வீடு தேடிச் சென்று நோயை விளக்கி, சமாளிக்கும் வழிகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். பார்த்துக்கொள்பவர்களின் மனஉளைச்சல் குறைந்தது. நியூயார்க்கில் மேரி மிட்டில்மேன் குழுவினர் 406 பேரிடம் நடத்திய ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போகிறது. கணவனையோ மனைவியையோ கவனித்துவந்த அவர்களில், ஆலோசனையும் ஆதரவும் பெற்றவர்களின் துணைகள் முதியோர் பராமரிப்பு இல்லத்துக்குப் போக நேர்ந்தது ஆய்வின் மதிப்பீட்டின்படி 557 நாள் தள்ளிப்போனது. கவனிப்பவரைத் தாங்கியதன் பலன் நோயாளிக்கும் கிடைத்தது.

ஓய்வுக்காக மாற்று ஆள் வைக்கலாம் என்றால், "பெத்தவங்களைப் பார்க்கக் கூலிக்கு ஆளா?" என்று கேட்பவர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அந்தக் கடமை பெரும்பாலும் மனைவி, மருமகள், மணமாகாத மகள் என்று ஒருத்தியின் தலையில் இறங்கிவிடுகிறது. 2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் பொறுப்பாக்குகிறது. அது பேசுவது பராமரிப்புத் தொகையைப் பற்றி. இரவில் எழுந்திருப்பது யார் என்பதை வீட்டில்தான் பேசியாக வேண்டும். வெளியூரில் இருக்கும் மகன் வாரத்தில் இரண்டு இரவுக்கு ஆள் வைக்கப் பணம் தரலாம். பணத்துக்கு வழியில்லாத வீடுகள் ஏராளம் என்பதும் உண்மை. தமிழ்நாட்டில் 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வலிதணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் வீட்டுக்கே வருகிறார்கள், பெரிய உதவிதான். ஆனால் அது பகல் வருகை. இரவுக்கு உறவினர் முறை போட்டுக்கொள்வதைத் தவிர இன்று வேறு வழி தெரியவில்லை. அரசு இங்கே இன்னும் நிறையச் செய்ய வேண்டும்.

"அம்மா வேற யாரையும் தொட விடமாட்டாங்க" என்பதே நான் மிகவும் மதிக்கும் மறுப்பு. மறதிநோயில் இது உண்மையும்கூட. புது ஆளை முதல் நாளே குளிப்பாட்டவோ துணி மாற்றவோ விட்டால் பயந்து அடிப்பார்கள். அதனால், கவனிப்பவர் களைத்து விழும்வரை காத்திராமல், நோயின் தொடக்கத்திலேயே இரண்டாவது ஆளைப் பழக்க வேண்டும். முதலில் தினமும் ஒரே நேரத்தில் காப்பி கொடுக்கட்டும். பிறகு தலை சீவட்டும், கைகாலுக்கு எண்ணெய் தடவட்டும். மறைவான இடங்களைச் சுத்தம் செய்யும் வேலையைக் கடைசியாக, பழகிய கை பக்கத்தில் இருக்கும்போதே விடலாம். இதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். அந்த வாரங்களையும் சேர்த்தே செவிலியர் திட்டமிட வேண்டும்.