நடுங்காத கையும் தழுவும் கையும்

ராஜ்குமார் ஹிரானி இயக்கி 2003-இல் வெளிவந்த இந்தித் திரைப்படம் ‘முன்னாபாய் எம்.பி.பி.எஸ்.’ மும்பை அடியாள் ஒருவன் பொய்வழியில் மருத்துவக் கல்லூரிக்குள் நுழைகிறான். தரை துடைக்கும் முதியவரை ஆரத் தழுவுகிறான். அசைவற்றுக் கிடக்கும் நோயாளியோடு உரையாடுகிறான். நாம் சிரிக்கிறோம், கண்ணும் கசிகிறது.

ஆயினும் கல்லூரி முதல்வர் அஸ்தானாவின் வாதத்தை நாம் எளிதில் தள்ளிவிடலாகாது. நோயாளிமீது அன்பு வைத்தால் அறுவை செய்யும் கை நடுங்கும் என்கிறார் அவர். நடுங்காத கை நோயாளிக்குத் தேவையே. புற்றுநோயுற்ற இளைஞன் ஜஹீரை முன்னாவின் தழுவல் காப்பாற்றவில்லை. அவன் கைகளிலேயே ஜஹீர் உயிர்விடுகிறான்.

அப்படியெனில் தழுவல் வீணா? அன்று. நல்ல சமாரியர் பரிவு கொண்டதோடு நில்லாது, காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்துக் கட்டினார். பரிவும் மருந்தும் அங்கே ஒரே கையில் இருந்தன. தொழுநோயாளரைக் குணமாக்க இயேசுவுக்கு ஒரு சொல் போதும். எனினும் அவர் கைநீட்டித் தொட்டார் (மாற் 1:41). ஊர் விலக்கியவரை உறவாக ஏற்றது அந்தத் தொடுகை.

நோயில்பூசுதலில் நெற்றியிலும் கைகளிலும் நாம் எண்ணெய் பூசுவோர் எல்லாரும் பிழைத்தெழுவதில்லை. ஆனால் அவர்கள் தனியே விடப்படுவதில்லை.