சிறு செலவில் ஒரு ஞாயிறு

தலைநகரில் வாழும் நம்மவர் இல்லங்களில், மாத வரவு செலவுக் கணக்கின் முதல் வரி ஊருக்கு அனுப்பும் தொகையாகவே இருக்கும். தங்கையின் திருமணம், தாயின் மருத்துவம், ஊரில் எழும்பும் வீடு என அதற்குரிய காரணங்கள் ஓய்வதில்லை. அவை யாவும் நியாயமானவையே. ஆயினும், ‘ஊருக்குத் திரும்பிய பின் நிம்மதியாக வாழ்ந்துகொள்ளலாம்’ என்று வாழ்வையே ஒத்திவைக்கும் மனப்பான்மையும் அவற்றோடு குடிபுகுந்துவிடுகிறது. பெரியவர்களுக்கு அது பொறுமை, குழந்தைகளுக்கோ இழப்பு. அவர்களுடைய இளமை தில்லியில்தான் கழிகிறது. ஊரில் கட்டும் வீட்டில் அதைச் சேமித்து வைக்க இயலாது.

ஊருக்குரிய கடமையும் குறையாமல், குழந்தைகளுக்குரிய மகிழ்ச்சியும் குறையாமல் வாழ இந்நகரிலேயே வழி உண்டு என்பதை எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் எனக்கு உணர்த்தின. 2002-இல் ஓடத் தொடங்கிய மெட்ரோ ரயிலில், ஞாயிறுகளிலும் தேசிய விடுமுறை நாள்களிலும் கட்டணம் மற்ற நாள்களைவிடக் குறைவு. குடும்பத்தோடு புறப்படுவோர்க்கு அச்சிறு சலுகையும் பெரிதே.

அசோகா சாலையிலுள்ள ஆந்திர பவன் உணவகத்தை அறியாத தென்னிந்தியர் தில்லியில் அரிது. சீட்டு வாங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். அதிகாரியும் மாணவரும் வண்டியோட்டியும் ஒரே மேசையில் அமர்வர். பருப்பு, பொடி, நெய், சாம்பார், ரசம் எனக் கேட்கக் கேட்கப் பரிமாறுவர். அங்கு ‘கோங்குரா’ என்று வருவது நம் புளிச்சகீரையே. வகுப்பில் கற்பிக்க வேண்டாத ஒரு தமிழ்ச்சொல், அந்தத் தட்டின் வழியே என் மகளின் நாவில் ஏறியது.

பங்களா சாகிப் குருத்துவாராவில் உணவுக்கு விலையே இல்லை. சீக்கியரின் எட்டாம் குருவான ஹர்கிருஷண் 1664-இல் தங்கி, நோயுற்றோர்க்குத் தொண்டு புரிந்த இடமாக அது போற்றப்படுகிறது. தலையை மூடி, தரையில் வரிசையாக அமர்ந்து, இரு கைகளையும் ஏந்தி ரொட்டியைப் பெற வேண்டும். உண்டவர் விரும்பினால் ரொட்டி இடவும் பாத்திரம் துலக்கவும் செய்யலாம். இலவசமாக உண்கிறோமே என்னும் கூச்சம் அந்தப் பணியில் கரைந்துவிடும். பெறுவதும் கொடுப்பதும் ஒரே கூடத்தில் நிகழ்வதைக் குழந்தைகள் காண்பது நன்று.

லோதி தோட்டத்தில் நுழையவும் கட்டணம் இல்லை. 1936-இல் லேடி வில்லிங்டன் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்ட அது, விடுதலைக்குப் பின்னரே இன்றைய பெயரைப் பெற்றது. சையத், லோதி மன்னர்களின் கல்லறைகளைச் சூழ்ந்த புல்வெளியில் கட்டுச்சோற்றைப் பிரித்து, எலுமிச்சைச் சாதமும் தயிர்ச்சாதமும் உண்கிறோம். பக்கத்துக் குடும்பம் பராட்டாவை நீட்டுகிறது. நாம் வடகத்தை நீட்டுகிறோம். பெயர் கேட்கும் முன்னரே உறவு தொடங்கிவிடுகிறது. மாலையில் இராமகிருஷ்ணபுரத்து மலை மந்திர். 1973-இல் குடமுழுக்குக் கண்ட சுவாமிநாதன் சந்நிதியில் தமிழ்க் குரல்கள் காதில் விழும்.

அந்நாளின் செலவால் ஊருக்கு அனுப்பும் தொகையில் ஒரு ரூபாயும் குறைந்ததில்லை. ஆனால், ‘உன் ஊர் எது?’ என்று எவரேனும் வினவினால், என் மகள் இப்போது தஞ்சையையும் தில்லியையும் சேர்த்தே சொல்கிறாள். இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. ஊர் திரும்பும் நாள் வரட்டும். அதுவரை வரும் ஞாயிறுகளும் நம்முடையவையே.