நாய்க்குத் தனி கிண்ணம்

பெங்களூர்ல இருந்து நண்பன் போட்டோ அனுப்பியிருக்கான். ஏதோ பப்பாம். நாய்க்குத் தனி மெத்தை, தனி கிண்ணம்!

இங்க டாஸ்மாக் பார்ல மனுசனுக்கே உக்கார எடமில்ல.

ஆனா ஒகேனக்கல் வந்து பாருங்க.
நாம வாங்கிக் குடுக்கற மீனை மசாலா தடவி வறுத்துத் தர்ற அக்காங்க அடுப்பாண்ட ஒரு செவலை.
குலைக்காது, கிட்ட வராது.
நம்ம வாயையே பாக்கும், அவ்ளோதான்.

ருசிச்சுத் தின்னுட்டிருந்தேன். அக்கா அதட்டுச்சு:
"அதுக்கும் ஒரு துண்டு போடு சாமி, நீயே தின்னா எப்படி?"
காசு குடுத்தவன் நான். வீட்லயும் இதே மரியாதைதான்.

2025 ஆகஸ்ட் 22ல உச்ச நீதிமன்றம், தெருநாய்க்கு ஒதுக்கின எடத்துலதான் சோறு வைக்கணும்னு சொல்லிடுச்சு.

சரிங்க எசமான்.
அந்தச் செவலைக்கு யாரு போய்ச் சொல்றது?