படகு வாங்கப் போனோம்

ஒரு சாமான் வாங்குவதென்றால் நம் வீடுகளில் இரண்டு கேள்விகள் தவறாமல் எழும். "என்ன விலை?" என்பது ஒன்று. "உழைக்குமா?" என்பது மற்றொன்று. மூன்றாவதாகவும் ஒரு கேள்வி உண்டு. "கெட்டுப்போனால் யார் பார்ப்பார்கள்?" என்ற அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் சாமான் கெட்டுப்போன பிறகுதான் கேட்கிறோம். மாவரைக்கும் கிரைண்டர் ஆனாலும், கிணற்றடி மோட்டார் ஆனாலும் இதுதான் வழக்கம். இந்த மூன்று கேள்விகளையும் ஒரே தராசில் வைத்து நிறுப்பதற்கு ஒரு குடும்பம் பட்ட பாட்டைச் சென்ற வருஷம் அமெரிக்காவில் பக்கத்திலிருந்து பார்த்தேன். அவர்கள் வாங்க நினைத்தது ஒரு மீன்பிடிப் படகு.

டெக்ஸஸ் மாநிலத்தில் டல்லாஸ் நகருக்கு அருகே என் மூத்த அக்காளின் மகன் இருக்கிறான். எனக்கும் அவனுக்கும் பத்து வயதுதான் வித்தியாசம். ஆனாலும் அவனுடைய பத்து வயதுப் பிள்ளை என்னைத் 'தாத்தா' என்றுதான் கூப்பிடுகிறான். நாற்பத்தெட்டு வயதில் அந்தப் பட்டத்தை ஏற்றுக்கொண்டு, வசந்த காலத்தில் இரண்டு மாதம் அங்கே தங்கியிருந்தேன். போய் இறங்கிய மறுநாளே, வீட்டில் ஒரு படகு வழக்கு நடந்துகொண்டிருப்பது தெரிந்தது.

அந்த நாட்டு ஏரிகளில் 'பாஸ்' என்றொரு மீன் இருக்கிறது. கோரைக்கும் மரக்கட்டைக்கும் அடியில் பதுங்கியிருந்து பாயும் சுபாவத்தில் அது நம்முடைய விராலை ஒத்தது. அதைப் பிடிப்பதற்கென்றே தனி ஜாதிப் படகு உண்டு. தாழ்ந்து நீண்ட உடல்; முன்னும் பின்னும் மேடையைப் போன்ற தளம்; அதன்மேல் சுழல் நாற்காலி; பின்னால் குதிரைச் சக்தி மிகுந்த பெரிய என்ஜின்; முன்னால், மீனை வெருட்டாமல் மெல்ல நகர்வதற்குச் சின்ன மின்சார மோட்டார். நடுவே ஒரு தண்ணீர்த் தொட்டி. பிடித்த மீன் அதில் உயிரோடு இருக்கும்.

இந்த ஜாதிப் படகுக்கு மூலபுருஷர் லூயிஸியானாவில் ஷ்ரீவ்போர்ட் என்ற ஊரைச் சேர்ந்த ஹோம்ஸ் தர்மண்ட் என்பவர். 1948-ல் அவர் அமைத்த படகுக்கு 'ஸ்கீட்டர்' என்று பெயர். 1967-ல் ஆர்க்கன்ஸா மாநிலத்தில் பீவர் ஏரியில் ரே ஸ்காட் என்பவர் ஒரு பெரிய பாஸ் மீன் போட்டியை நடத்தினார். அதற்குப் பிறகு இந்தப் படகுகளுக்கு யோகம் பிறந்தது. 1972-ல் அதே ஸ்காட், பிடித்த மீனை உயிரோடு திரும்ப விடுவதைத் தம் போட்டிகளில் வழக்கமாக்கினார். இன்று அந்த வழக்கம் போட்டிக்கு வெளியிலும் பரவியிருக்கிறது.

என் அக்காள் குடும்பம் பரம்பரைச் சைவம். பையனோ பக்கத்து வீட்டுக்காரரோடு ஏரிக்கரைக்குப் போய்த் தூண்டில் போடக் கற்றுக்கொண்டுவிட்டான். அப்பனுக்கும் அந்தப் பித்துப் பிடித்தது. மீனைத் திரும்ப விட்டுவிடுவதால் பாவமில்லை என்பது அவர்கள் கட்சி. மருமகள் கட்சி வேறு.

"தின்கிற மீனுக்குப் படகு வாங்கினாலாவது அர்த்தம் உண்டு, மாமா. விட்டுவிடப் போகிற மீனுக்கு நாற்பதாயிரம் டாலரா?" என்று அவள் என்னிடம் முறையிட்டாள்.

நான் விருந்தாளி. தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் அவள் சமையலறை மேஜையில் உட்கார்ந்து போட்ட கணக்கைப் பார்த்தபோது, இந்த வழக்கில் ஓர் அறிவாளி இருக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன்.

விலையைப் பற்றிய கணக்கு அது. ஒரு காலத்தில் படகை ஓரிடத்திலும் என்ஜினை வேறோரிடத்திலும், காரில் கட்டி இழுத்துப் போகும் சக்கர வண்டியை மற்றோரிடத்திலும் வாங்கிச் சேர்க்கவேண்டியிருந்தது. மிஸௌரி மாநிலத்து ஜானி மாரிஸ் 1978-ல் 'பாஸ் டிராக்கர்' என்ற அலுமினியப் படகை இந்த மூன்றும் சேர்ந்த ஒரே விலைக்கு விற்கத் தொடங்கினார். வாங்குகிறவனுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் விளம்பரத்தில் போட்ட விலை ஒருபோதும் கடைசி விலை ஆகாது. கொண்டுவந்து சேர்க்கும் கூலி, தயார் செய்யும் கூலி, பதிவுக் கட்டணம், டெக்ஸஸில் படகுக்கும் என்ஜினுக்கும் நூற்றுக்கு 6.25 வீதம் வரி, அப்புறம் இன்ஷூரன்ஸ். இவ்வளவையும் இழுக்கத் தெம்புள்ள கார் இல்லையென்றால் அதற்கும் ஒரு செலவு. கடனோ பதினைந்து வருஷத் தவணை.

"கடன் தீரும்போது இவனுக்கு இருபத்தைந்து வயது. அப்போது இவன் அப்பாவோடு மீன் பிடிக்க வருவானா?" என்று அவள் கேட்டாள். என் மருமான் பதில் சொல்லவில்லை. அவனுடைய பயமே அதுதான் என்று எனக்குப் பட்டது. பிள்ளை தன்னோடு வரத் தயாராக இருக்கும் வருஷங்கள் ஏழோ எட்டோ. அதற்குள் படகு வேண்டும் என்று அவன் தவித்தான்.

அடுத்தது தரம். அலுமினியத்தில் செய்த படகு இலேசு, விலையும் குறைவு. கண்ணாடி நாரும் பிசினும் சேர்த்து வார்த்த படகு கனமானது. காற்றடிக்கும் நாளில் அலையை வெட்டிக்கொண்டு போவதில் அதற்கு நிகரில்லை. ஆனால் பளபளப்பைப் பார்த்து அதன் தரத்தைச் சொல்ல முடியாது. அதன் உயிர் அடித்தளத்துக்குக் கீழே ஓடும் சட்டங்களிலும், என்ஜினைத் தாங்கும் பின்பலகையிலும் இருக்கிறது. பழைய படகுகளில் அவற்றுக்குள்ளே மரம் வைத்திருப்பார்கள். சரியாக அடைக்காத ஓர் ஆணித்துவாரம் போதும். அதன் வழியே நீர் கசிந்து, வெளியே பட்டுப்போல இருக்கும்போதே உள்ளே மரம் உளுத்துவிடும். ஆகையால் மரமே இல்லாமல் கட்டுகிறவர்கள் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். பார்க்கத் தெரிந்தவன் மேலே தடவிப் பார்ப்பதில்லை. மூடிகளைத் திறந்து, உள்ளே மின்சாரக் கம்பிகளை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்களா, மூலைகளைப் பூசியிருக்கிறார்களா என்று பார்க்கிறான்.

இருபது அடிக்குக் குறைந்த இத்தகைய படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு பாரம், என்ஜினுக்கு அதிகபட்சம் எத்தனை குதிரைச் சக்தி என்று ஒரு தகடு பதித்திருக்கவேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தப் பாதுகாப்புச் சட்டம் 1971-ல் வந்தது. நீர் புகுந்தாலும் முழுகிப்போகாமல் மிதப்பதற்கு உள்ளே நுரைப்பொருள் அடைத்திருக்கவேண்டும். ஓட்டுகிறவன் தவறி விழுந்தால் என்ஜின் நின்றுவிடும்படி அவன் உடம்போடு இணைக்கும் கயிற்றையோ கருவியையோ மாட்டிக்கொள்ளவேண்டும் என்பதும் 2021 ஏப்ரல் முதல் மத்திய சட்டத்தில் சேர்ந்திருக்கிறது.

இவர்கள் போக விரும்பியது டல்லாஸுக்குக் கிழக்கே உள்ள லேக் ஃபோர்க் ஏரிக்கு. அணை கட்டி 1980-ல் உண்டாக்கிய ஏரி அது. பல இடங்களில் மரங்களை வெட்டாமலே நீரைத் தேக்கிவிட்டதால், பட்ட மரங்கள் இன்னமும் நீருக்குள் நிற்கின்றன. டெக்ஸஸ் மாநிலத்திலேயே மிகப் பெரிய பாஸ் மீன், 18.18 பவுண்டு எடையுள்ளது, 1992-ல் அகப்பட்டது அங்கேதான். மீனுக்குச் சொர்க்கம், படகின் அடிப்புறத்துக்குச் சோதனை. அந்தி வேளையில் அந்த மரங்களுக்கு நடுவே என்ஜின் நின்றுபோனால் என்ன ஆகும் என்ற எண்ணம் மருமகளை விட்டு அகலவில்லை.

இரண்டு கடைகளுக்குப் போனோம். முதலாவது நகரத்தின் ஓரத்தில், கல்யாண மண்டபம் போல விளக்கெரியும் பெரிய கடை. காபி கொடுத்தார்கள். பையனை இருபது அடிப் படகில் ஏற்றி உட்காரவைத்தார்கள். இறங்க மாட்டேன் என்றான். விலையும் மற்ற இடத்தைவிடச் சுமார் இரண்டாயிரத்து எண்ணூறு டாலர் குறைவு. பழுதுபார்க்கும் இடம் எங்கே என்று கேட்டதற்கு, அது வேறோர் ஊரில் இருக்கிறது, ஒன்றும் கவலைப்படவேண்டாம் என்றார் விற்பனையாளர்.

இரண்டாவது கடை ஏரியிலிருந்து கால் மணி தூரத்தில், ஒரு சின்ன ஊரில் இருந்தது. முன்புறம் ஐந்தாறு படகுகள். பின்புறம், முன்புறத்தைவிடப் பெரிதாகப் பட்டறை. கடைக்காரர் எழுபது வயதுக் கிழவர். நாங்கள் கேட்பதற்கு முன்னால் அவர் கேட்டார்: எந்த ஏரி? கூட யார் வருவார்கள்? பையனுக்கு நீந்தத் தெரியுமா? இழுக்கப்போகிற கார் எது? எல்லாவற்றுக்கும் பதில் கேட்டுக்கொண்டு, "உங்களுக்கு இருபது அடி வேண்டாம், பதினெட்டு போதும்" என்றார். பெரியதை வாங்க வந்தவனுக்குச் சிறியதைச் சொல்லும் வியாபாரியை நான் அடிக்கடி பார்த்ததில்லை.

பட்டறையில் ஒரு தாங்கியின்மேல் மூடி கழற்றிய பழைய என்ஜின் ஒன்று நின்றது. அது 'எவின்ரூட்' என்றார். அந்தப் பெயரின் கதை சுவையானது. நார்வேயில் பிறந்து விஸ்கான்ஸினில் குடியேறிய ஓலே எவின்ரூட் என்ற தொழிலாளி, தாம் விரும்பிய பெண் ஐஸ்கிரீம் கேட்டாள் என்று ஏரியில் துடுப்புப் போட்டுப் போய் வாங்கி வந்தாராம். வருவதற்குள் வெயிலில் உருகிவிட்டதாம். துடுப்புக்குப் பதில் என்ஜின் வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது அப்போதுதான் என்று சொல்வார்கள். 1909-ல் மில்வாக்கியில் கம்பெனி தொடங்கினார். அந்தப் பெண்ணே அவர் மனைவியாகி வியாபாரத்தைக் கவனித்தாள். படகின் பின்புறம் மாட்டும் என்ஜினை ஊரெங்கும் பரவச் செய்தவர்களில் அவர் முதன்மையானவர். பிற்காலத்தில் அந்தப் பெயரை வைத்திருந்த பெரிய ஸ்தாபனம் 2000 டிசம்பரில் திவாலாயிற்று. பாம்பார்டியர் என்ற கனடா நாட்டுக் கம்பெனி என்ஜின் தொழிலை வாங்கி நடத்தியது. 2020 மே மாதத்தில், இனி எவின்ரூட் என்ஜின் செய்வதில்லை என்று அறிவித்துவிட்டார்கள். உதிரிப் பாகங்கள் கொடுப்போம், உத்தரவாதத்தைக் காப்பாற்றுவோம் என்று வாக்களித்தார்கள்.

"கம்பெனி வாக்குக் கொடுக்கும். ஆனால் கழற்றி மாட்டுவது கம்பெனி இல்லையே" என்றார் கிழவர், அந்த என்ஜினைத் துணியால் துடைத்தபடி.

எனக்கு விஷயம் விளங்கியது அங்கேதான். படகின் உடலுக்கு ஒரு கம்பெனி உத்தரவாதம் கொடுக்கிறது. என்ஜினுக்கு இன்னொரு கம்பெனி. முன்னால் உள்ள மின்சார மோட்டாருக்கும், மீனைத் திரையில் காட்டும் கருவிக்கும் வேறு கம்பெனிகள். நடு ஏரியில் படகு நின்றால் குற்றம் எவருடையது என்று அவர்கள் ஒருவரையொருவர் காட்டலாம். உத்தரவாதத்தில் வேலை செய்ய வேண்டுமானால், அந்தந்தக் கம்பெனி அங்கீகரித்த பட்டறைக்குத்தான் போகவேண்டும். ஆக, இந்த நாலு காகிதங்களையும் ஒன்றாகக் கட்டும் நூல் விற்ற கடைக்காரர்தான். அவர் நல்லவராக இல்லாவிட்டால் காகிதம் நான்கும் நான்கு திசையில் பறந்துவிடும்.

ஆனால் கடைக்காரர் நல்லவரா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? காபி எல்லோரும் கொடுப்பார்கள். கிழவரின் பேச்சும் ஒருவகை வியாபாரத் தந்திரமாக இருக்கலாமல்லவா? இதற்கு வழி கண்டவள் மருமகள். என்ஜினுக்குள் தண்ணீர் இறைத்துச் சூட்டைத் தணிக்கும் ஒரு சிறு ரப்பர்ச் சக்கரம் இருக்கிறது. சில வருஷங்களுக்கு ஒரு முறை அதை மாற்றியே தீரவேண்டும். படிப்பெல்லாம் முடித்துவிட்டு, அவள் இரண்டு பட்டறைகளுக்கும் போன் செய்து ஒரே கேள்வி கேட்டாள்: "ஏப்ரல் மாதத்தில் அதை மாற்றக் கொண்டுவந்தால் எத்தனை நாளில் கொடுப்பீர்கள்?"

பெரிய கடையில் சங்கீதம் கேட்டுக்கொண்டே இருந்தாள். திரும்பக் கூப்பிடுவதாகச் சொன்னார்கள். மூன்று நாள் கழித்துக் கூப்பிட்டவர் விற்பனையாளர். படகு விஷயம் முடிவாயிற்றா என்று விசாரித்தார். சின்ன ஊர்ப் பட்டறையில் மெக்கானிக்கே எடுத்தான். எந்த என்ஜின், எந்த வருஷம் என்று கேட்டான். "எங்களிடம் வாங்கியதானால் நான்கு நாள், மற்றதானால் இரண்டு வாரம். ஏப்ரலில் கூட்டம் அதிகம், மார்ச்சிலேயே கொண்டுவாருங்கள்" என்றான்.

"நான்கு நாள் என்பது உண்மையோ பொய்யோ தெரியாது, மாமா. ஆனால் இரண்டு வாரம் என்பதை மறைக்காமல் சொன்னான் பாருங்கள்" என்றாள் அவள்.

அதற்குப் பிறகும் விலை என்ற மலை அப்படியே நின்றது. வழிவிட்டவர் கிழவர்தான். ஐந்து வருஷத்துக்கு முன்பு தாமே புதிதாக விற்ற ஒரு பதினெட்டு அடிப் படகு திரும்பி வந்திருக்கிறது என்றார். அதற்குச் செய்த வேலை ஒவ்வொன்றும் அவர் பட்டறை ஏட்டிலேயே பதிந்திருந்தது. புதுப் படகின் மதிப்பு முதல் வருஷங்களில்தான் விழுகிறது; அந்த நஷ்டத்தை முதல் சொந்தக்காரர் ஏற்றுக்கொண்டாயிற்று. என்ஜினின் உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது என்பதையும் அவரே வாய்விட்டுச் சொன்னார். தெரிந்த குறையோடு கூடிய பொருள் தெரியாத நிறையைவிட மேல் என்று மருமகள் முடிவு செய்தாள். பதினைந்து வருஷக் கடன் நாலு வருஷக் கடனாயிற்று. பையனுக்குத்தான் ஏமாற்றம். அவன் ஆசைப்பட்ட சிவப்பு நிறம் இல்லை. படகு சாம்பல் நிறம்.

நான் ஊர் திரும்பிப் பல மாதங்கள் கழித்து மருமகள் போனில் பேசினாள். அவளுடைய வரவு செலவு நோட்டில் இப்போது படகுக்கு ஒரு தனிப் பக்கம். பாட்டரி ஒன்று, எண்ணெய், அந்த ரப்பர்ச் சக்கரம் என்று வரிசையாகப் படித்தாள்.

"சக்கரம் மாற்ற எத்தனை நாள் ஆயிற்று?" என்று கேட்டேன்.

"ஐந்து நாள். ஒரு நாள் அதிகம்" என்றாள். "முந்தின நாளே போன் செய்து சொல்லிவிட்டார்கள்."