என் கையில் ஒரு கணக்குப்பிள்ளை



‘நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம்’ என்று சின்ன வகுப்பிலேயே படித்திருக்கிறோம். அந்தச் செல்வத்தைக் கணக்குப் பார்க்க இப்போது ஒரு கருவி வந்திருக்கிறது. அதுதான் ஃபிட்னஸ் பேண்ட். திருப்பூரில் வேலை பார்க்கும் என் மாமா அரையாண்டு விடுமுறைக்குத் தேவதானம் வந்தபோது எனக்கு ஒன்று வாங்கி வந்தார். பார்க்க வாட்ச் மாதிரிதான் இருக்கும். எத்தனை அடி நடந்தோம், இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கிறது, எவ்வளவு நேரம் தூங்கினோம் எல்லாம் சொல்லும்.

முதல் இரண்டு நாள் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கடைக்குப் போகச் சொன்னால் தம்பிக்கு முன்னால் நானே ஓடுவேன். நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலுக்கு நடந்தே போய் வந்தேன். பத்தாயிரம் அடி ஆனதும் பேண்ட் ‘விர்ர்’ரென்று அதிர்ந்து பாராட்டும். நூற்றுக்கு நூறு வாங்கின மாதிரி இருக்கும்!

மூன்றாம் நாள் ஒரு சோதனை செய்து பார்த்தேன். வாயால் எண்ணிக்கொண்டே 100 அடி நடந்தேன். கையை வீசி நடந்தால் 98 என்று காட்டியது. இடுப்பில் தண்ணீர்க்குடத்தை வைத்து, பேண்ட் கட்டிய கையால் அணைத்துக்கொண்டு நடந்தால் 40 கூடக் காட்டவில்லை. சைக்கிள் மிதித்தால் சும்மா இருந்தது. ஏன் தெரியுமா? உள்ளே முடுக்கமானி என்று ஒரு குட்டிச் சில்லு இருக்கிறது. அது காலைப் பார்ப்பதில்லை. கை அசையும் தாளத்தை வைத்துத்தான் அடியைக் கணக்கிடுகிறது. கை அசையாவிட்டால் நடக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளும்.

மறுநாள் அம்மா வயலில் களையெடுக்கப் போனார்கள். பேண்டை அவர்கள் கையில் கட்டி அனுப்பினேன். சாயங்காலம் பார்த்தால் 4,112 அடிதான். நடுவில் ‘ரொம்ப நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள், எழுந்து நடங்கள்’ என்று வேறு அதிர்ந்திருக்கிறது.

“நான் எங்கடி உக்காந்தேன்? குனிஞ்ச முதுகு நிமிரவே இல்லையே! வேலை பாத்த எனக்கு நாலாயிரம், ஆடித் திரிஞ்ச உனக்குப் பதினோராயிரமா? நல்ல கணக்குப்பிள்ளைதான் போ!” என்று அம்மா சிரித்தார்கள்.

நானும் சிரித்தேன். ஆனால் ராத்திரி அம்மா இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை. அந்த வலிக்கு பேண்டில் ஒரு எண்ணும் கிடையாது.

சரி, இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது? டோக்கியோவில் 1964-ல் ஒலிம்பிக் நடந்தது. அடுத்த வருடம், 1965-ல், ஜப்பானில் ஒரு கம்பெனி இடுப்பில் மாட்டும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் ‘மான்போ-கெய்’. பத்தாயிரம் அடிமானி என்று அர்த்தம். விற்பனைக்கு வைத்த பெயர்தான் பிறகு உலகத்துக்கே இலக்கு ஆகிவிட்டது!

எங்கள் ஆச்சிக்குச் சர்க்கரை நோய். டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார். “பத்தாயிரமெல்லாம் இந்தக் கட்டைக்கு ஆகாது தாயி” என்று ஆச்சி திண்ணையிலேயே உட்கார்ந்துவிடுவார்கள். அவர்களிடம் ஒரு செய்தியைச் சொன்னேன். அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கும் அதிகமான வயதான பெண்களை ஆராய்ந்து 2019-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். தினம் சுமார் 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் நன்றாகவே குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் பெரிய வித்தியாசம் இல்லை. “அப்படியா? நாலாயிரம்னா பாத்துரலாம்” என்று ஆச்சி எழுந்துவிட்டார்கள்.

தோழர்களே, உங்கள் வீட்டில் பேண்ட் வாங்கினால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். சோம்பேறியையும் கிளப்பிவிடும். ஆனால் அதன் எண்ணை வைத்து யாருக்கும் மார்க் போடாதீர்கள்.

இப்போது காலையில் பேண்ட் ஆச்சி கையில். நேற்று 3,260 அடி! சாயங்காலம் தெருக்குழாயிலிருந்து வரும் குடம் அம்மாவிடம் இல்லை, என் இடுப்பில். அது கணக்கில் ஏறாது. பரவாயில்லை.



– ஒன்பதாம் வகுப்பு மாணவி, தேவதானம்